சாரம் பிரிப்பதற்கு முன்

கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டால் ஆலயத்தைச் சுற்றிச் சாரம் எழும்பிவிடும். ஜாசின் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலாக இருந்தாலும் சரி, மலாக்கா நகரத்துப் பெரிய கோயிலாக இருந்தாலும் சரி, காட்சி ஒன்றுதான். பாலாலயம் முடிந்த கையோடு சிற்பிகள் மேலே ஏறுவார்கள். பன்னிரண்டு வருட வெயிலும் மழையும் தின்றுவிட்ட பழைய வர்ணத்தைச் சுரண்டுவார்கள். உடைந்த விரலுக்குப் புது விரல் வைப்பார்கள், வெளுத்துப்போன கண்களை மறுபடி எழுதுவார்கள். விரிசல் தென்பட்ட இடத்தில் சிமெண்டைக் குழைத்துத் திணித்து, தேய்த்து, அதன்மேல் வர்ணம் அடிப்பார்கள். கும்பாபிஷேக நாளுக்குள் சாரம் இறங்கிவிடும். கோபுரம் நேற்றுக் கட்டியதுபோல் நிற்கும்.

அந்த விரிசல் உள்ளே எத்தனை அங்குலம் போயிருந்தது? திருப்பணிக் கணக்கில் அந்தக் கேள்விக்கென்று ஒரு வரி இருப்பதில்லை.

விடை காணும் வழி உலகத்துக்குத் தெரிந்து முக்கால் நூற்றாண்டு ஆகிறது. காதுக்கு எட்டாத ஒலியைச் சுவருக்குள் அனுப்பி, அது மறுபக்கம் வந்து சேரும் நேரத்தை வைத்து உள்ளிருப்பதைச் சொல்லும் மீயொலிச் சோதனை அது. தாயின் வயிற்றுப் பிள்ளையைத் திரையில் காட்டும் ஸ்கேனும் இதுவும் ஒரே குடும்பம். அதைப் படித்தவர்களுக்கும் இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்ட மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் டுரியான் துங்காலில் இருக்கிறது. இயந்திரவியலும் மின்னணுவியலும் அங்கே முனைவர் பட்டம் வரைக்கும் உண்டு. புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் வளாகம். மாநில எல்லையைத் தாண்டி ஜொகூருக்குள் போனால் பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம், ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். இரண்டிலும் கட்டடப் பொறியியல் துறைகள். இத்தனை அறிவு கூப்பிடு தூரத்தில் இருந்தும், அது தோட்டத்துக் கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் வந்து சேர ஒழுங்கான பாதை போடப்படவில்லை. அந்தப் பாதையைப் போட வேண்டும் என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

தட்டிப் பார்ப்பது மலாக்காக்காரர்களுக்குப் புதிதல்ல. டுரியான் காலத்தில் சாலையோரக் கடைக்காரர் பழத்தைக் கையில் எடுத்து, கத்தியால் தட்டி, காதோரம் வைத்து, உள்ளே சுளை எப்படி என்று சொல்லிவிடுகிறார். தேங்காய் வாங்குகிறவரும் பானை வாங்குகிறவரும் செய்வது அதைத்தான். அனுபவப்பட்ட கொத்தனார் சுத்தியலின் பின்புறத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே போவார். ‘கணீர்’ என்று கேட்டால் நகர்வார், ‘டொக்’கென்று கேட்டால் நிற்பார். பூச்சு உள்ளே பிரிந்து நிற்கும் இடம் அது. மீயொலிச் சோதனை இதே வித்தையைக் காதிடமிருந்து வாங்கிக் கடிகாரத்திடம் கொடுக்கிறது.

ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்துத் தூணை எடுத்துக்கொள்வோம். அகலம் முந்நூறு மில்லிமீட்டர். சோதிக்க வருகிறவர் முதலில் வர்ணத்தைக் கொஞ்சம் தேய்த்தெடுத்து, சாக்குக்கட்டியால் கட்டம் போட்டுக்கொள்வார். கட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் துளி கிரீஸ் தடவுவார். ஒலிமுனைக்கும் சிமெண்டுக்கும் நடுவே மெல்லிய காற்றுப்படலம் நின்றாலும் ஒலி உள்ளே நுழையாமல் திரும்பிவிடும் என்பதற்காகத்தான் இந்த கிரீஸ். தூணின் இடப்பக்கம் ஒரு முனை, வலப்பக்கம் நேரெதிரே இன்னொரு முனை. பொத்தானை அழுத்தினால் நொடிக்கு ஏறத்தாழ 54,000 அதிர்வு கொண்ட துடிப்பு தூணுக்குள் பாய்கிறது. மனிதக் காது 20,000 அதிர்வுக்கு மேல் கேட்காது, அதனால் பக்கத்து வகுப்பில் பாடம் நடந்துகொண்டே இருக்கலாம். சிறிய திரையில் ஓர் எண் நிற்கும்: 75 மைக்ரோ நொடி. கணக்குப் போட்டால் நொடிக்கு நான்கு கிலோமீட்டர் வேகம். நல்ல கான்கிரீட். அரையடி கீழே அடுத்த புள்ளி: 100 மைக்ரோ நொடி. வேகம் மூன்று கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. கண்ணை ஒருமுறை இமைக்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கான தடவை அடங்கிவிடும் அந்த இருபத்தைந்து மைக்ரோ நொடி வித்தியாசம், அந்த இடத்தில் ஒலி எதையோ சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறது. உள்ளே தேன்கூடு போன்ற வெற்றிடம் இருக்கலாம், விரிசல் இருக்கலாம், சிமெண்டு சரியாக இறுகாமல் போயிருக்கலாம். வெளியே பார்த்தால் இரண்டு இடமும் ஒரே நீல வர்ணம்தான்.

எண்களுக்கு அர்த்தம் சொல்லும் அட்டவணையும் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1992இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, வேகம் நொடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் மிகச் சிறப்பு, 3.5 முதல் 4.5 வரை நன்று, 3.0 முதல் 3.5 வரை நடுத்தரம். மூன்றுக்குக் கீழே போனால் சந்தேகத்துக்குரியது. இந்தச் சோதனைக்கு உலகம் முழுவதும் அரை நூற்றாண்டுக்கு மேல் பயன்பட்டுவரும் பிரிட்டிஷ் கருவி ஒன்றின் பெயர், ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘பண்டிட்’ என்று வருகிறது. தூணைத் தொட்டுப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்லும் ஒன்றுக்குப் பொருத்தமான பெயர்தான் தற்செயலாக அமைந்திருக்கிறது.

இந்தத் துறையின் வரலாற்றில் தமிழ் வாசகர் அறிந்த ஒருவரும் நிற்கிறார். மீயொலி பரவும் திரவத்தின் வழியாக ஒளி போகும்போது எப்படிச் சிதறுகிறது என்பதை 1935, 1936ஆம் ஆண்டுகளில் பெங்களூரில் இருந்து விளக்கியவர்கள் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமனும் அவருடைய மாணவர் நாகேந்திரநாத்தும். இன்றும் அது அவர்கள் பெயரால்தான் வழங்குகிறது. உலோகத்தின் உட்குறையை எதிரொலியால் பிடிக்கும் கருவியை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபயர்ஸ்டோன் 1940களின் தொடக்கத்தில் உருவாக்கினார். அதே பத்தாண்டின் இறுதியில் கனடாவின் லெஸ்லியும் சீஸ்மனும் கான்கிரீட் அணைகளின் விரிசல்களை அளக்க மீயொலியைப் பயன்படுத்தினார்கள். மலாயாவின் தோட்டங்கள் துண்டாடப்படத் தொடங்கியதற்கு முன்பே கான்கிரீட்டைச் சோதிக்கும் முறை பிறந்துவிட்டது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? மலேசியாவின் 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 85ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களைப் பத்தாண்டுக்கு ஒருமுறை பொறியாளர் பரிசோதிக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. ஹைலண்ட் டவர்ஸ் பெயரைக் கேட்டாலே இன்றும் நெஞ்சு பதறும் தலைமுறைக்கு இந்தப் பிரிவின் அருமை தெரியும். 1993 டிசம்பர் 11ஆம் தேதி அந்த அடுக்குமாடி சரிந்து விழுந்த பேரிடரில் 48 பேர் மாண்டார்கள்.

ஐந்து மாடிக்கு மேல். இந்த மூன்று சொற்களில்தான் மலாக்காத் தமிழர்களின் வாழ்க்கை விடுபட்டுப் போகிறது.

மலாக்காவில் ரப்பரின் கதை 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் பால்மரம் நட்டதிலிருந்து தொடங்குகிறது. மலாயாவில் வணிகத்துக்கென்று பயிரான முதல் ரப்பர் அதுதான். பால்மரத்தின் பின்னே லயங்கள் வந்தன. லயத்தின் பக்கத்தில் கோயிலும் பள்ளிக்கூடமும் வந்தன. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான் வந்தது. தோட்டத்தை விட்டுக் கிளம்பிய குடும்பங்களில் பல, நகரத்தை ஒட்டிய மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறின. இந்த நாட்டில் மின்தூக்கி இல்லாமல் படியேறிப் போகும் அடுக்குமாடிகள் பெரும்பாலும் நான்கு மாடி, ஐந்து மாடிதான். பத்தாண்டுப் பரிசோதனை அவற்றைக் கட்டாயப்படுத்தாது. தமிழ்ப்பள்ளிகள் ஒரு மாடி, இரண்டு மாடி, இப்போது சில இடங்களில் மூன்று, நான்கு. அவற்றுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. கோயில் கோபுரத்தை ‘மாடி’ என்று கணக்கெடுக்க முடியாது. பழைய கடைவீடுகள் இரண்டு மாடி. ஆக, ஒரு தமிழ்க் குழந்தை காலையில் கண்விழிக்கும் வீடு, படிக்கப் போகும் பள்ளி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கும்பிடப் போகும் கோயில், அப்பா வேலை செய்யும் கடை, இவை நான்கும் அந்தப் பிரிவுக்கு வெளியே நிற்கின்றன.

அதே மாநிலத்தில், சுங்கை ஊடாங் பக்கம் 1994 முதல் இயங்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. இத்தகைய ஆலைகளில் குழாய்ச் சுவர் தேய்ந்து எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று மீயொலியால் அளந்து பதிவு வைப்பது உலகம் முழுதும் அன்றாட வழக்கம். எண்ணெய் ஓடும் குழாய்க்குக் கிடைக்கும் அக்கறை, முந்நூறு பிள்ளைகள் ஏறி இறங்கும் மாடிப்படிக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பதில் ஒரு தவறும் இல்லை.

தமிழ்ப்பள்ளிகளின் நிலையில் இன்னொரு சிக்கல். நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பகுதி உதவி பெறுபவை. கட்டடப் பராமரிப்பின் சுமை பள்ளி வாரியத்தின் தோளிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் தோளிலும் விழுகிறது. கூரை ஒழுகினால் ஜிங்க் தகடு மாற்றுவார்கள், கழிவறை கெட்டால் அவசரமாக வசூல் செய்வார்கள். தூணுக்குள் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்பது எந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலும் வராது. கண்ணுக்குத் தெரியாத பிரச்சினைக்குப் பணம் கேட்டால் யார் கொடுப்பார்கள்? வாரியத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

கண்ணுக்குத் தெரிந்தே விழுந்தவையும் உண்டு. ஆந்திரத்தின் காளஹஸ்தியில் கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே 26ஆம் தேதி சரிந்து விழுந்தது. கோபுரத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஓடிய விரிசல் ஊரறிந்த விஷயம். கடைசி நேரத்தில் அது விரிவதைக் கண்டு மக்களை அப்புறப்படுத்தியதால் பெரிய உயிர்ச்சேதம் தவிர்ந்தது. திருவரங்கத்தில் கிழக்கு வாசல் கோபுரத்தின் கீழ்நிலைகளில் ஒரு பகுதி 2023 ஆகஸ்டில் இடிந்தது. அதிகாலை நேரமாக இருந்தது நல்லதாகப் போயிற்று. மாசி மகத்தன்று மலாக்காவின் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், நேரம் எப்போதும் இப்படி நல்லதாக அமையும் என்று நம்பிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கோயிலோடு நிற்கவில்லை. கோலாலம்பூரில் கெப்போங் வட்டாரத்தின் இரண்டாவது நடுச்சுற்றுச் சாலை மேம்பாலத்தில் 2004இல் 33 தூண்களில் 31இல் விரிசல் கண்டு, தடங்களை மூட வேண்டியதாயிற்று. கட்டி முடித்து இரண்டே ஆண்டுகள். 1967 டிசம்பரில் அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றுக்கு மேலிருந்த சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தபோது, காரணமாக இருந்த விரிசலின் ஆழம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். ஓர் இரும்புக் கண்ணியின் உள்விளிம்பில், கழற்றிப் பார்த்தாலொழியத் தெரியாத இடத்தில் அது ஒளிந்திருந்தது. அந்த விபத்துக்குப் பிறகுதான் அமெரிக்கா முழுவதும் பாலங்களைக் காலமுறைப்படி ஆய்வது சட்டமாயிற்று.

இங்கே ஒன்றை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட வேண்டும். மீயொலி எல்லாவற்றையும் காப்பாற்றாது. ஹைலண்ட் டவர்ஸைச் சாய்த்தது பின்னாலிருந்த மலைச்சரிவு. தூணுக்குள் ஒலி அனுப்பியிருந்தால் மலை நின்றிருக்காது. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையில், லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில், 1986 மார்ச் 15ஆம் தேதி ஆறு மாடி ஹோட்டல் நியூ வேர்ல்டு ஒரு நிமிடத்துக்குள் நொறுங்கி 33 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்புக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள் என்பது விசாரணையில் தெரிந்தது. அந்தத் தூண்களில் ஒலி நல்ல வேகத்தில் ஓடியிருந்தாலும் கணக்குப் பிழையை அது சொல்லியிருக்காது. சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28ஆம் தேதி 61 பேரைப் பலிகொண்ட பதினோரு மாடிக் கட்டடம், குடியேறுவதற்கு முன்பே விழுந்தது. கருவி ஒரு சாட்சிதான். பொறியாளரின் கணக்கும் மண் பரிசோதனையும் சேர்ந்தால்தான் வழக்கு முடியும். ஆனாலும் சிங்கப்பூர் அந்த ஹோட்டலிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் கவனிக்கத்தக்கது. 1989 முதல் அங்கே குடியிருப்புக் கட்டடங்களைப் பத்தாண்டுக்கு ஒருமுறையும், மற்றப் பெரும்பாலான கட்டடங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் சோதிப்பது கட்டாயம்.

அப்படியென்றால் கருவியை வாங்கிச் சோதிக்கச் சொன்னால் போதாதா, முனைவர் பட்ட ஆய்வு எதற்கு என்று கேட்கலாம். இங்கேதான் விஷயம் ஆழமாகிறது.

மேலே சொன்ன அட்டவணை ஒரு பொதுவான அட்டவணை. கான்கிரீட்டுக்குள் ஒலியின் வேகம் அதில் கலந்த சல்லியைப் பொறுத்து மாறும், மணலைப் பொறுத்து மாறும், உள்ளே உட்கார்ந்திருக்கும் ஈரத்தைப் பொறுத்து மாறும். ஈரமான கான்கிரீட்டில் ஒலி கொஞ்சம் வேகமாகவே ஓடும். மழைக்கால மலாக்காவில் எடுத்த அளவு, உள்ளபடி இருப்பதைவிடத் தூணை ஆரோக்கியமாகக் காட்டிவிடலாம். ஒலிப்பாதையை ஒட்டி இரும்புக் கம்பி ஓடினால் ஒலி கம்பியைப் பிடித்துக்கொண்டு குறுக்கு வழியில் வந்து சேர்ந்துவிடும்; இரும்பில் அதன் வேகம் நொடிக்கு ஆறு கிலோமீட்டரை நெருங்கும். கடலோர உப்புக்காற்று கம்பியைத் துருவாக்குகிறது. துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைக் கேட்கிறது. இடம் கிடைக்காதபோது சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. அந்தப் பிளவு எந்தக் கட்டத்தில் மீயொலிக்குப் பிடிபடும், எந்தக் கட்டத்தில் பிடிபடாது என்பதை இந்த வெயிலிலும் இந்த ஈரத்திலும் வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

பழைய நகரத்துக்குள் போனால் கேள்வி இன்னும் கடினம். யுனெஸ்கோ 2008 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மலாக்காவில், ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பொய்யாத விநாயகர் கோயில் நிற்கிறது. டச்சுக்காரர் காலத்தில், மலாக்கா செட்டிகளின் தலைவர் தெய்வநாயகம் செட்டி 1781இல் எழுப்பியது. நாட்டில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய இந்து ஆலயங்களில் ஒன்று. அதே வரிசையில் 1748இல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசல், கொஞ்சம் தள்ளிச் சீனர்களின் செங் ஹூன் தெங் ஆலயம். ஆற்றுக்கு அக்கரையில் 1753இன் கிறிஸ்து தேவாலயம். செங்கலும் சுண்ணாம்பும் செம்புரைக்கல்லும் மரமும் கலந்த இந்தப் பழைய கட்டுமானங்களில், கான்கிரீட்டுக்கென்று செய்த 54,000 அதிர்வு ஒலி பத்தடி போவதற்குள் களைத்துவிடும். செம்புரைக்கல் முழுக்கத் துளைகள். அங்கே அதிர்வைக் குறைக்க வேண்டும், சிறு சுத்தியல் தட்டல் அளவுக்கு இறங்க வேண்டும், வந்து சேரும் மங்கலான ஒலியிலிருந்து செய்தியைப் பிரித்தெடுக்கக் கணினி முறைகள் வேண்டும். இதற்கெல்லாம் ஆயத்த அட்டவணை கிடையாது. ஒருவர் மூன்று நான்கு ஆண்டு உட்கார்ந்து உருவாக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் முனைவர் பட்ட ஆய்வு.

அப்படி உட்கார்ந்து செய்த ஆய்வு எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு லண்டன் இம்பீரியல் கல்லூரி ஓர் உதாரணம். 1990களின் தொடக்கத்தில் அங்கே பீட்டர் காலியும் டேவிட் அலைனும், குழாயின் ஓரிடத்தில் வளையம் மாட்டி இருபுறமும் பல மீட்டர் தூரத்துக்கு மீயொலியை ஓடவிட்டுத் துருவைக் கண்டுபிடிக்கும் வழியை ஆராய்ந்தார்கள். ஆய்வகத்தில் தொடங்கியது 1999இல் ஒரு நிறுவனமாயிற்று. மேலுறையைக் கழற்றாமல், மண்ணைத் தோண்டாமல் குழாயைச் சோதிக்கும் அந்த முறை இன்று உலகின் எண்ணெய் ஆலைகளில் சாதாரணம். சென்னை ஐஐடியில் பேராசிரியர் கிருஷ்ணன் பாலசுப்பிரமணியம் 2001இல் நிறுவிய சேதமில்லாச் சோதனை மையம், ஆய்வு மாணவர்களை ஆலைக்கும் பாலத்துக்கும் அழைத்துப்போகும் மரபை வளர்த்தது. கல்பாக்கத்தில் பல்தேவ் ராஜின் தலைமையில் வளர்ந்த அணுசக்தி ஆய்வு மையத்தின் குழு, ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத்தூண்களுக்கும் தன் கருவிகளை எடுத்துப்போய், கல் எப்படிப் பாடுகிறது என்று அளந்தது. அணு உலையைச் சோதிக்கிற கை கோயில் தூணையும் தொட்டுப் பார்த்தது. மலாக்காவில் நடக்க வேண்டியது இதுதான்.

இப்போதுள்ள வழக்கம் வேறு மாதிரி. ஆய்வு மாணவர் ஆய்வகத்தில் கான்கிரீட் கட்டிகளை வார்க்கிறார். உள்ளே தெரிந்தே ஒரு துளை விடுகிறார். அந்தத் துளையை மீயொலியால் கண்டுபிடிக்கிறார். வரைபடம் அழகாக வருகிறது, ஆய்விதழில் கட்டுரை வெளியாகிறது, பட்டம் கிடைக்கிறது. பட்டம் பெறப் பல பல்கலைக்கழகங்கள் கட்டுரைகளைக் கேட்கின்றனவே தவிர, ஒரு கட்டடத்தைக் கேட்பதில்லை. மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உதவித்தொகைக்கு ஆண்டுக்கணக்கு உண்டு. தோட்டத்துக் கோயிலுக்குப் போய் நிர்வாகத்தோடு பேசி அனுமதி வாங்க அவருக்கு யார் நேரம் கொடுத்தார்கள்? ஆனால் ஆய்வகக் கட்டியில் நாம் வைத்த துளை நமக்குத் தெரிந்த துளை. நாற்பது ஆண்டு உப்புக்காற்றில் நின்ற பள்ளித் தூணிலோ யாருக்கும் தெரியாத குறைகள் இருக்கின்றன, அவற்றை எந்த ஆய்வகத்திலும் வார்த்தெடுக்க முடியாது.

ஆகவே மலாக்கா மாநில அரசும் நகராண்மைக் கழகங்களும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஓர் ஏற்பாட்டுக்கு வர வேண்டும். ஜாசின், அலோர் காஜா, மலாக்கா தெங்கா என்ற மூன்று மாவட்டங்களிலும் உள்ள தமிழ்ப்பள்ளிகள் இருபத்துச் சொச்சம்தான். ஓர் ஆய்வு மாணவர் ஆண்டுக்கு ஐந்து பள்ளிகளை எடுத்துக்கொண்டாலும், ஒரு முனைவர் பட்டம் முடியும்போது ஏறக்குறைய மாநிலம் முழுவதும் சோதித்து முடிந்திருக்கும். இது நடக்க முடியாத கனவு இல்லை. சீனப் பள்ளிகளுக்கும் தேசியப் பள்ளிகளுக்கும் சமயப் பள்ளிகளுக்கும் அதே திட்டம் போகட்டும், போக வேண்டும். இடிந்து விழும் உத்திரம் யார் பிள்ளை என்று கேட்பதில்லை. ஐந்து மாடிக்கு உட்பட்ட பழைய அடுக்குமாடிகளையும் பள்ளிகளையும் வழிபாட்டுத் தலங்களையும் பத்தாண்டுப் பரிசோதனைக்குள் கொண்டுவரச் சட்டத்தைத் திருத்தும்படி நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும். அதற்கு ஆதாரமாக வைக்க எண்கள் வேண்டும். அந்த எண்களை இந்த ஆய்வுகள் தரும்.

ஓர் அச்சம் இருக்கிறது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. சோதித்துப் பார்த்து ‘சந்தேகத்துக்குரியது’ என்று வந்துவிட்டால் கட்டடத்தை மூடிவிடுவார்களோ, பள்ளியை வேறிடம் மாற்றிவிடுவார்களோ, கோயில் நிலத்தைக் கேட்பார்களோ என்று வாரியத்தார் தயங்குவது இயல்பு. தோட்டத்தை விட்டு அனுப்பப்பட்ட சமூகத்துக்கு அந்தப் பயம் அனுபவத்தில் வந்தது. அதனால்தான் சோதனை முடிவு முதலில் வாரியத்தின் கைக்கு வர வேண்டும், பழுது பார்க்க அவகாசமும் மானியமும் சேர்ந்தே வர வேண்டும் என்று ஏற்பாட்டிலேயே எழுதிவைப்பது அவசியம். பெரும்பாலான குறைகளுக்கு இடிப்பது மருந்தில்லை. பிளவுக்குள் பிசின் செலுத்துவது, துருவைச் சுத்தம் செய்து மேல்பூச்சை மாற்றுவது, தூணைச் சுற்றிக் கூடுதல் உறை வார்ப்பது எனப் பல வழிகள் இருக்கின்றன. முன்னாலேயே தெரிந்தால் செலவு சிறிது.

கோயில்களுக்கு இதில் ஒரு வசதி. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கோபுரத்தைத் தொட்டுச் சீர்செய்ய வேண்டும் என்ற விதியை முன்னோர்கள் எந்தச் சட்டமும் சொல்லாமலே வைத்திருக்கிறார்கள். மேலே ஏறிச் சோதிப்பதற்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியது சாரம் கட்டத்தான், அது எப்படியும் கட்டப்படுகிறது. பழைய வர்ணமும் சுரண்டப்பட்டு உள்ளிருக்கும் சிமெண்டு வெளியே தெரிகிறது. ஒலிமுனை வைக்க இதைவிடத் தோதான நாள் பன்னிரண்டு வருடத்துக்கு வராது.

அடுத்த கும்பாபிஷேகத்துக்குத் திருப்பணிக் குழு அமைத்திருக்கும் ஆலயத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிற்பிகள் சுரண்டி முடித்த நாளுக்கும் வர்ணம் தொடங்கும் நாளுக்கும் நடுவே இரண்டு நாள் ஒதுக்குங்கள். டுரியான் துங்காலுக்கோ பாரிட் ராஜாவுக்கோ கடிதம் எழுதி, மீயொலிச் சோதனையில் ஆய்வு செய்யும் மாணவரையும் அவருடைய பேராசிரியரையும் கூப்பிடுங்கள். கோபுரத்தின் ஒவ்வொரு நிலையிலும் எடுத்த அளவுகளைத் தாளில் எழுதி வாங்கி, கும்பாபிஷேக மலரோடு சேர்த்து ஆலயப் பெட்டகத்தில் வையுங்கள். பன்னிரண்டு வருடம் கழித்து அடுத்த குழு சாரம் கட்டும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் அவர்களுக்குத் தேவைப்படும்.